நம் தெருவுக்கு வராத தண்ணீர்

அன்புள்ள நைனா,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? ஆண்டவர் கிருபையால் நான் ஜெர்மனியில் நலமாக இருக்கிறேன்.

நமக்கு வெள்ளம் வந்த வருஷத்து மழையைக் கம்ப்யூட்டரில் நம் ஊர் கருங்குழி மேல் பெய்யவிட்டேன். ஊர் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் தண்ணீரைக் கணக்கிட வேண்டும். தண்ணீர் ஓடும் இடத்துக்குப் பொடிக் கட்டம், மற்ற இடத்துக்குப் பெரிய கட்டம். கிராஃபிக்ஸ் கார்டில் ஓட்டியதால் இரண்டு நாள் கணக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் நம் தெரு மட்டும் காய்ந்து கிடந்தது.

"தப்பு சார். அங்கே என் அப்பா மார்பளவு தண்ணீரில் என் புத்தகப் பையைத் தலையில் சுமந்து நடந்தார்" என்றேன் பேராசிரியரிடம். "பை நனையாது, நீ கைய வுடாத பாப்பா" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன். பேராசிரியர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் ஒரு பெரிய கட்டத்துக்குள் மறைந்துபோயிருந்தது. அங்கே பொடிக் கட்டம் போட்டதும் தண்ணீர் நம் வாசலுக்கு வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், சிரிக்காதீர்கள்.

சமையலறைச் சுவரில் அந்த வெள்ளக் கறை எத்தனை அடி உயரம் என்று எனக்குத் தெரிய வேண்டும், கம்ப்யூட்டர் காட்டும் உயரத்தோடு ஒப்பிடத்தான். வீடியோ காலிலேயே டேப் வைத்து அளந்து காட்டுங்கள். அம்மாவும் பக்கத்தில் நிற்கட்டும். மெதுவாகவே அளந்தால் போதும், அவசரமில்லை.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
சிநேகா