கன்னத்தில் வைத்த கை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், பல் பிடுங்கிய இடமும் ஆறிவிட்டது. நீயும் மருமகளும் குழந்தையும் நலம் என்று நானாகவே எண்ணிக்கொள்கிறேன், போனில் உனக்கு என்னைத் திட்டத்தான் நேரம் இருந்தது. நீ கத்தினால் நானும் கத்துவேன், அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நடந்தது இவ்வளவுதான். பல் டாக்டரிடமிருந்து திரும்பும்போது செருப்பு வார் அறுந்தது. தெருமுனையில் தைக்கக் கொடுத்துவிட்டு, பூட்டியிருந்த கடைப் படியில் வெறுங்காலோடு உட்கார்ந்தேன். மரத்திருந்த தாடை விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கவே கன்னத்தில் கை வைத்தேன். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று உன்னை அதட்டி வளர்த்தவள்தான் நான், ஆனால் பல் போனால் வைக்கலாம். எதிரே இருந்த செல்போன் கடைக்காரன் அதைப் படம் எடுத்து, "பெற்ற பிள்ளை கைவிட்ட ஆதறவற்ற தாய்" என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். ஆதரவுக்குச் சின்ன ர-வா பெரிய ற-வா என்று தெரியாதவன் எனக்கு ஆதரவில்லை என்று தீர்ப்பு எழுதுகிறான்! நான் படித்த கான்வென்ட்டில் தமிழ் சொல்லித்தந்த சிஸ்டர் இருந்திருந்தால் நூறு தடவை எழுத வைத்திருப்பார்.

அந்தப் படம் உன் ஆபீஸ் வரைக்கும் வந்து, இது யார் உங்கம்மாவா என்று ஒருவர் கேட்க, யாரோ என்று நீ மழுப்பிவிட்டதாக நீயே சொன்னாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். இனிமேல் வெளியே போகாதே, மாடி வீட்டுப் பெண் எல்லாம் வாங்கித் தருவாள் என்றாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. படம் எடுத்தவன் தெருவில் திரிவான், நான் வீட்டுக்குள் கிடக்க வேண்டுமா?

நேரே அவன் கடைக்குப் போனேன். தெருவுல யாரை வேணும்னாலும் எடுக்கலாம் பாட்டி என்றான். எடுப்பா, ஆனா நாலடி தள்ளித்தானே உக்காந்திருந்தேன், என்னம்மா ஆச்சுன்னு கேக்க உன் வாயில என்ன கொழுக்கட்டையா என்றேன். நல்லதுக்குத்தான் போட்டேன், பார்த்தவங்க எல்லாம் அழுதாங்க என்றான். அழுதவங்கள்ல ஒருத்தராவது ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்தாங்களா என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். படத்தை அழித்தான். அதோடு விட்டானா, சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்து அழகா போட்டுடறேன் பாட்டி என்று மறுபடி போனைத் தூக்கினான். கையைக் கீழே போடு, என் அழுகையும் உனக்கில்லை, சிரிப்பும் உனக்கில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் அழித்தாலும் அது எங்கெங்கோ சுற்றும், தெரியும். சுற்றட்டும். நான் தினமும் அதே தெருவில்தான் காய் வாங்கப் போகிறேன். மாடி வீட்டுப் பெண்ணிடம் உன் ஏற்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவளுக்கும் நிம்மதி. உன் வெட்கத்தை மூட என் கதவைச் சாத்தாதே. குழந்தை குளிக்கிற படத்தையெல்லாம் எல்லோருக்கும் அனுப்பாதே, பேசத் தெரிந்துவிட்டது அல்லவா, அவளைக் கேட்டுவிட்டு அனுப்பு.

மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த ஆபீஸ்காரரிடம் நாளைக்கே போய், அன்றைக்கு நீங்கள் காட்டியது எங்கம்மாதான் என்று சொல். சொன்ன பிறகு எனக்குப் போன் செய், அதுவரை செய்ய வேண்டாம்.

உன் அம்மா