ஆனி மேடம் பெயரில் எட்டு மாதங்கள்

என் அன்பு அண்ணிக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டு மாதமாக நீங்கள் எல்லோருக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். லோஷன் வந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு வியாழக்கிழமை வரும் என்கிறீர்கள். மூடி உடைந்து வந்தது என்பவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறீர்கள். ஒவ்வொரு மெயிலின் கீழும் 'ஆனி' என்று இருக்கிறது. போட்டது நான்தான்.

இதை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். அதனால் அந்தப் பெயர் வந்த கதையை அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அப்போது நம் கொண்டாப்பூர் வீட்டில் போன் அடித்தால் நான் எடுத்து 'ஒன் மினிட்' என்பேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. போனைக் கையால் பொத்தாமலே உள்ளே பார்த்து 'அண்ணீ, உங்களுக்கு' என்று கத்துவேன். கேட்டவர்களுக்கு அது ஒரு பெயராகவே விழுந்தது. ஒரு மாதத்துக்குள் ஹைதராபாத் முழுக்க நீங்கள் ஆனி மேடம் ஆகிவிட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துகூட வந்தது. திருத்தலாமே என்று நான் சொன்னபோது நீங்கள் பாட்டிலுக்கு டேப் ஒட்டிக்கொண்டே சிரித்தீர்கள்.

"நக்கோ, வேணாம், இருக்கட்டும். நான் ஆனின்னா நீ ஆடி. தள்ளுபடி எல்லாம் உன் டிபார்ட்மென்ட்டு."

நான் இந்த ஊருக்கு வந்தது வேலையில் சேர. கம்பெனி சேரும் தேதியை மூன்று மாதம் தள்ளியது, பிறகு ஆறு மாதம், பிறகு பதில் சொல்வதையே நிறுத்திவிட்டது. கரூருக்குத் திரும்பிப் போக எனக்கு வெட்கம். அண்ணன் வீட்டு ஓர் அறையில் புத்தகங்களோடு சுருண்டு கிடந்த என்னை நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது உங்களுக்காக வாங்கிவந்த வாசனையில்லாத லோஷன் இரண்டு பாட்டிலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தீர்கள். எதிர் வீட்டம்மா கேட்கிறாள், மூன்றாவது மாடியிலும் கேட்கிறார்கள், கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு பக்கம் போடத் தெரியுமா என்றீர்கள்.

தெரிந்தது. முதலில் ஊர் திரும்பும் நண்பர்களின் பெட்டிகளில் ஏறி வந்த பாட்டில்கள், பிறகு மும்பை இறக்குமதிக்காரரிடமிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்தன. எந்தப் புதுச் சரக்கானாலும் ஒரு வாரம் உங்கள் இடது முன்கையில் தடவிப் பார்த்த பிறகுதான் விற்பனைக்குப் போகும். சிவந்தால் பெட்டி திரும்பிப் போகும். கடையின் இணையப் பக்கத்தில் எழுதுவது என் வேலை. ஒவ்வொரு க்ரீமுக்கும் முதல் வரியாக 'இது உங்களை வெள்ளையாக்காது' என்று எழுதிவிட்டு, வியாபாரம் கெட்டுப்போகுமே என்று பயந்து அழிக்கப்போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அதன் பிறகு மழைக்காலம். காய்ச்சல், நாலே நாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் பிளேட்லெட் எண்ணிக்கையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது எண் எழுத வேண்டி வரவில்லை.

அண்ணன் தன் ஆபீசுக்கு அனுப்பிய மெயிலை நான்தான் டைப் செய்தேன். 'மை வைஃப் எக்ஸ்பயர்ட்' என்று அவர் சொன்னார், அப்படியே அடித்தேன். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் நம் தொழிலில் அந்தச் சொல் பாட்டிலின் அடியில் அல்லவா இருக்கும்? ஒவ்வொரு பாட்டிலையும் கவிழ்த்து, டார்ச் அடித்து, எக்ஸ்பயரி தாண்டியதைத் தூக்கிப் போடுவோமே, அந்தச் சொல்.

காரியங்கள் முடிந்து கடை மெயிலைத் திறந்தபோது ஜீடிமெட்லாவிலிருந்து ஷாஹீன் எழுதியிருந்தார். ஷாஹீனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பார்சல் சீட்டில்தான் அறிவேன். மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. நாள் முழுக்கக் கையுறை, ஸ்பிரிட்டில் கை கழுவல், விரல் மூட்டுகளில் வெடிப்பு. பேக்கிங் ஹாலுக்குள் வாசனை கூடாது என்பதால் நம் கை க்ரீமைத் தவிர வேறு எதுவும் அவருக்கு உதவாது. 'ஆனி மேடம், க்ரீம் எப்போ வரும்?' என்று கேட்டிருந்தார். அவருக்கு அந்தச் செய்தியை எழுத உட்கார்ந்தேன். வினைச்சொல் கிடைக்கவில்லை. 'வியாழக்கிழமை அனுப்புகிறேன், ஆனி' என்று எழுதினேன்.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா?

போனை எடுக்க முடியாததால் உங்களுக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். உங்கள் நடையும் பழகிவிட்டது. 'டென்ஷன் நக்கோ' என்று ஆரம்பித்தால் மீதி தானாக வரும். நான் எழுதினால் யாரும் திரும்ப எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதினால் அவர்கள் மாமியார் வரைக்கும் சொல்வார்கள். அண்ணன் ஆறு மாத வேலை என்று வெளிநாடு போய்விட்டார். பக்கத்து வீடுகளில் எல்லோரும் காலையில் ஆபீஸ் பஸ் ஏறிவிடுவார்கள். சில நாட்களில் கூரியர்காரரிடம் 'சைன் எங்கே?' என்று கேட்பது மட்டுமே என் வாயிலிருந்து வரும் பேச்சு. மற்றபடி ஆனியாக இருக்கும் நேரத்தில்தான் எனக்குப் பேச்சுத்துணை இருந்தது, அண்ணி. அதை இழக்கப் பயமாக இருந்தது.

அண்ணன் போனில் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார். கடையை மூடிவிடு, பாட்டில்களை யாருக்காவது கொடுத்துவிடு, வீட்டைக் காலிசெய்துவிட்டு ஊருக்குப் போ. அவர் மேல் தப்பில்லை. இங்கே இருந்தவரை பாட்டில் அறையைத் திறந்தாலே அவர் உங்களைத்தான் பார்த்தார். நானும் சரி என்றே சொல்லியிருந்தேன். ஆனி மேடம் கடையை மூடுகிறார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமலே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பர்தாவில் ஒரு பெண், கையில் கல்யாணப் பத்திரிகை. முகத்தை எனக்குத் தெரியாது. விரல் மூட்டுகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பார்சல் மேலிருந்த முகவரியை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"ஆனி மேடம்?"

"ஹவ்," என்றேன், ஆமாம் என்று.

அந்த ஒரு சொல் ஏன் வந்தது என்று இதுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஷாஹீன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் பேசிய ஹைதராபாத் உருது உங்களுக்கு இதே ஊர் மௌலா அலியில் பிறந்ததிலிருந்து பழக்கம். எனக்குப் புரியும், திருப்பிச் சொல்ல வராது. அதனால் தமிழிலேயே சொல்கிறேன்.

தொண்டை இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டார். தலையாட்டினேன். பரவாயில்லை, நானே பேசுகிறேன் என்று சோபாவில் உட்கார்ந்தார். தங்கைக்கு நிக்காஹ், அடுத்த ஞாயிறு, நீங்கள் வராமல் முடியாது என்றார். பத்திரிகையின் மேல் 'ஆனி மேடம், குடும்பத்துடன்' என்று அழகாக எழுதியிருந்தது. பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க நாத்தனார் எங்கே?" என்றார்.

வெளியே போயிருக்கிறாள் என்று கிசுகிசுத்தேன்.

"அவ வெளியகூடப் போறாளா?" என்று ஆச்சரியப்பட்டார்.

நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன். "அவளைப் பத்தி நான் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கேன்?"

"என்னதான் சொல்லலை? புக்ல முகத்தைப் புதைச்சுக்குவா, போன்னா பயந்து ஓடுவா, ஒரு டீ போடத் தெரியாது. நாத்தனார் கொடுமைன்னு சிரிப்பீங்களே." தன் வெடித்த விரல்களைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஆனா வெள்ளையாக்காதுன்னு எழுதினது அவதான்னு எத்தனை பெருமை. அதைப் படிச்சுத்தானே நானே நம்பி வாங்கினேன். கடை அவளோடது ஷாஹீன், நான் வெறும் வாய்னு சொன்னீங்க."

இதை ஏன் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அண்ணி?

அதற்குமேல் உங்களாக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. நான் ஆனி இல்லை, நான்தான் அந்த நாத்தனார் என்றேன். ஷாஹீன் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். அப்படியானால் ஆனி மேடம் எங்கே என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அதற்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. எட்டு மாதமாக நான் தொடாத சொல். எக்ஸ்பயர்ட் என்று சொன்னேன். காய்ச்சல் என்றேன், மழையில் என்றேன்.

அவர் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு எழுந்து நின்றுகொண்டு, "கைக்கு? கைக்கு நை போலே?" என்றார். ஏன் சொல்லவில்லை என்கிறார். புதிதாக வந்தபோது இந்த ஊரில் யார் 'கைக்கு' என்றாலும் நான் கை க்ரீம் பாட்டிலை எடுக்கப் போவேன் அல்லவா? அன்றும் அந்த நேரத்தில் என் கண் அலமாரிப் பக்கம்தான் போனது.

"எட்டு மாசமா ஒரு மையித்தோட தொண்டை சரியாகணும்னு துவா கேட்டுட்டு இருந்திருக்கேன்," என்றார். கோபம்தான். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. பிணத்தின் தொண்டைக்குப் பிரார்த்தனை செய்யவைத்தவள் நான். சொன்னால் யாரும் எழுத மாட்டீர்கள் என்று பயந்தேன் என்று சொன்னேன். அது அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. வாசல்வரை போனார். செருப்பில் கால் நுழைத்தவர் நின்று, ஆனி என்பதாவது நிஜப் பெயர்தானா என்று கேட்டார்.

இல்லை, எங்கள் பாஷையில் அண்ணி என்றால் பாபி என்றேன்.

செருப்பிலிருந்து காலை எடுத்தார். "அப்போ மூணு வருஷமா நான் அவங்களை பாபின்னுதான் கூப்பிட்டிருக்கேன்," என்றார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுதார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, "பாபி பேர் என்ன?" என்றார்.

உங்கள் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. நம் வீட்டில் அண்ணியைப் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் அண்ணன் எழுதினார், ஐயர் கேட்டபோதும் அவர்தான் சொன்னார். என் வாயில் அது எப்படி ஒலிக்கும் என்றே எனக்குத் தெரியாது.

"கற்பகம்," என்றேன்.

ஷாஹீன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். முதல் தடவை தப்பாக, இரண்டாவது தடவை ஏறக்குறைய சரியாக. பத்திரிகையில் ஆனி மேடம் என்பதை அடித்துவிட்டு, என் பெயரைக் கேட்டு அங்கே எழுதினார். 'குடும்பத்துடன்' என்பதை மட்டும் அடிக்கவில்லை.

அவர் போன பிறகு வீடு பழையபடி ஆகிவிட்டது. டீ போட்டேன், இன்னும் நன்றாக வரவில்லை. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வரிதான். கற்பகம் மழைக்காலத்தில் இறந்துவிட்டார். இத்தனை நாள் அவர் பெயரில் எழுதியது நான், மன்னியுங்கள். கடை இருக்கும்.

ஐந்து நாளாக அனுப்பாமல் வைத்திருக்கிறேன். சிலர் கோபப்படுவார்கள், சிலர் வாங்குவதை நிறுத்துவார்கள், அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். இதை அனுப்பிவிட்டால் நாளை முதல் உங்களுக்கு யாரும் கடிதம் எழுத மாட்டார்கள், அண்ணி. எப்படி இருக்கிறீர்கள் என்று உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் அனுப்பிவிடுகிறேன். அண்ணனிடம் ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். இதே தெருவில் ஒற்றை அறை ஒன்று பார்த்திருக்கிறேன், அட்டைப்பெட்டிகளுக்கும் எனக்கும் போதும். ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்துக்குத் தனியாகப் போவேன். போன் அடித்தால் நானே பேசுவேன், தடுமாறினாலும் பேசுவேன். இனி யாருக்கு எதை எழுதினாலும் கீழே என் பெயரைத்தான் போடுவேன். அதை இந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் நாத்தனார்,
நித்யா