நீல விளக்கில் நிற்கும் தண்ணீர்

ஞாயிறு இரவு.

எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டியது நான்தானே. எழுபது வயதில் படித்த எழுத்து, அதுவே பெரிய சந்தோஷம்.

ஓடையில் பொறுக்கிய பிளாஸ்டிக் போத்தல்களைப் பூப்பூவாக வெட்டி விளக்கு செய்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் வீட்டு வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று நாளாக நீல விளக்கில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. மழை இல்லை. கூரைக்குக் கீழேதான் தொங்குகிறது. கொட்டினாலும் மறுபடி நிற்கிறது.

இன்று அடுத்த லயத்துச் செல்லம்மா அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அண்ணே, இது எங்க வீட்டுக்காரரப் பொதச்ச குழிமேட்டுல நான் தண்ணி வச்ச போத்தலுங்க. மழையில ஓடைக்கு அடிச்சுட்டுப் போயிருச்சு. கழுத்துல நான் கட்டுன மஞ்சள் நூலு அப்படியே இருக்கே. தண்ணி தண்ணின்னுதாங்க அவரு உசுரு போச்சு.”

“கழட்டித் தந்துடறேன் தங்கச்சி” என்றேன்.

“விளக்க நீங்களே வச்சுக்கங்க. அவருக்குத் தண்ணிய மட்டும் குடுத்துடுங்க.”

புதுப் போத்தலில் தண்ணீர் பிடித்து, அவர் பெயரை நானே எழுதி, பொழுது சாயுமுன் குழிமேட்டில் வைத்தேன். வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தால் நீல விளக்கு காய்ந்திருந்தது.

இப்போது பச்சை விளக்கில் நிற்கிறது. அதன் கழுத்தில் நூல் இல்லை. யாருடையது என்று லயம் லயமாகக் கேட்கவேண்டும். தெரிந்தால் அடுத்த ஞாயிறு அந்தப் பெயரையும் இங்கே எழுதுவேன்.