நீ அனுப்பிய சட்டை அளவு

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் சுகம்தான் என்று எழுதக் கை வரவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். ஃபோனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் கூரியரில் இந்தக் காகிதம்.

சட்டைக்கு அளவு அனுப்பியிருந்தாய். கை நீளம் விரல் முட்டி வரை, காலர் கழுத்தை மூடி, உதிர்கிற செதில் தெரியாதபடி வெளிர் துணியில். சோரியாசிஸ் வந்த நாளிலிருந்து உனக்கு அப்படித்தானே தைக்கிறேன், அது பெரிதில்லை. ஆனால் மார்பளவு போன தடவையைவிட அவ்வளவு குறைந்திருப்பதைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். யாரிடம் வேண்டுமானாலும் நல்லா இருக்கேன் என்று புளுகலாம், தையல்காரிக்கு அளவை அனுப்பிவிட்டுப் புளுகலாமா, அசடே? சாப்பிடுகிறாயா இல்லையா? நீ மனம்விட்டுப் பேசுவது அக்காவிடம்தானே, அவளைப் பிடித்துக் கேட்டேன், முதலில் மழுப்பினாள், பிறகு அழுதுவிட்டாள். நீ வேலைக்கே போவதில்லையாமே, ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லையாமே. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் உன் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போனாராம். இது ஒட்டாதுன்னு எத்தன பேருக்குச் சொல்றது, எனக்கே என்னைப் பிடிக்கல என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ஒருவருடைய பேண்ட்டில் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன். அப்பா தன் பங்குக்கு, வெயில்ல நிக்கச் சொல்லு, சரியாயிடும் என்கிறார், ஆனால் அவருக்கும் சோறு இறங்கவில்லை.

தோல் டாக்டரம்மா பேண்ட் தைக்க அளவு கொடுக்க வந்திருந்தார். இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன், ஓட முடியாதே. தோல் மோசமானா மனசு ஒடியும், மனசு ஒடிஞ்சா தோல் இன்னும் மோசமாகும், களிம்பு மட்டும் போதாதும்மா, மனசுக்கும் டாக்டரைப் பாக்கணும் என்றார். அது பைத்தியத்துக்கு இல்லையா என்று உளறினேன். அவர் கோபப்படவில்லை. பையன்கிட்ட நேராக் கேளுங்க, கேக்கறதால எதுவும் கெட்டுப்போகாது என்றார்.

கேட்கிறேன், கண்ணா. செத்துப்போகலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். திட்ட மாட்டேன். அழுவேன், ஆனால் ஃபோனை வைக்க மாட்டேன்.

உன் ஊரிலேயே மனசுக்கு ஒரு டாக்டரை விசாரித்து அக்கா சொல்லுவாள், அவரிடம் நாம் சேர்ந்தே போவோம். நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். படித்ததும் உடனே கூப்பிடு. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நாளை மறுநாள் வந்து நிற்பேன், டிக்கெட் எடுத்தாயிற்று. நீ சட்டை போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கதவை மட்டும் திற.

உன் அம்மா