அது பூ, இது கணக்கு

என் மாதேவி அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த விடைத்தாள் கட்டை எடுத்துப் பிரித்தேன். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. நான்காவது கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். 1/2, 1/3, 1/4 ஆகியவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்து. முப்பத்தாறு பிள்ளைகளில் ஒன்பது பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் கால்வாசி. மற்றவர்களுக்கெல்லாம் அரைதான் சிறியது, கால்தான் பெரியது. இரண்டைவிட நான்கு பெரிய எண், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் முன்னால் உன்னை ‘நீங்க’ என்பேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ‘நீ’ வந்துவிடும். இது நாலு பேர் கண்ணில் படக்கூடிய கடிதம். இருந்தாலும் டப்பா திறந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்.

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. மாடியில் உன் ஏ செக்‌ஷனையும் என் பி செக்‌ஷனையும் ஒன்றாக்கி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மண்டி மொஹல்லாத் தெருவின் ஆட்டோ சத்தம் அப்படியே இருக்கிறது. ஹாரன் அடங்கும்வரை சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பாயே, இப்போது நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

பிள்ளைகள் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று பார்க்க வெளியிலிருந்து வருமே ஒரு பரீட்சை, அது இந்த வருடமும் வந்தது. வழக்கம்போல நாமே நடத்தி, தாள்களைக் கட்டி அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஹெச்.எம். கட்டைப் புரட்டிப் பார்த்தார். “பென்சில்லதானே எழுதியிருக்காங்க கலா மிஸ். திங்கக்கிழமை முதல் பீரியட்ல விடையப் போர்டுல போட்டுடுங்க. சாயங்காலம் அனுப்பிடலாம். உங்களுக்குத் தெரியாததா?” என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார்.

எனக்குத் தெரியாததா, அக்கா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பரீட்சைக்கு முந்தின நாள் நீ படிக்கட்டில் என்னை நிறுத்தினாய். “புள்ளைக எழுதுனத அப்படியே அனுப்பிப்போடு அம்மணி. ரெண்டு செக்‌ஷனும் ஒரே மாதிரி இருந்தா யாரையும் தனியா நிறுத்திக் கேக்க முடியாது” என்றாய். உன் ஊரான கோபிநத்தத்துப் பேச்சை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டு நானும் “செரிங்கக்கா” என்றேன். மறுநாள் கதவைச் சாத்திவிட்டு எல்லா விடைகளையும் போர்டில் எழுதினேன்.

என் வகுப்புக்கு ஆசிரியர் கூட்டத்தில் கைதட்டல். உன்னிடம் ஹெச்.எம். கேட்டார்: “ஒரே பாடம், ஒரே புத்தகம். உங்க பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் வரலை?” நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு ஜன்னலைப் பார்த்தாய். அடுத்த வாரமே உன்னிடமிருந்து கணக்கைப் பிடுங்கி, தையலும் ஓவியமும் கொடுத்தார்கள்.

அன்று மத்தியானம் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டியைப் பாதியாகக் கிழித்து என் மூடியில் வைத்தாய். “தின்னு அம்மணி, ஆறிப்போகுது.” தின்றேன். உனக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் கொடுத்தாயா? கேட்க ஒரு வருடத்துக்கு மேலேயே இருந்தது. கேட்கவில்லை.

நான் வரலாறு படித்தவள். ஆள் இல்லை என்று கணக்கைக் கொடுத்தார்கள். ‘பின்னத்தால் வகுக்க, தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு’ என்று எனக்குச் சொன்னதையே பிள்ளைகளுக்கும் சொன்னேன். “ஏன் திருப்போணும்?” என்று ஒருநாள் நீ கேட்டபோது, “விதி அப்படித்தான்” என்று வெடுக்கென்று சொன்னேன். ஏனென்று எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

நீ மல்லிகைச் சரத்தை வகுப்புக்குக் கொண்டுவந்த நாள் ஞாபகமிருக்கிறதா? வாசலில் நின்று, “என்னக்கா, கல்யாண வீடா, கணக்குக் கிளாஸா?” என்று கேட்டேன். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. கொஞ்ச நாள் உன்னைப் பூக்கார டீச்சர் என்றார்கள். ஆரம்பித்தவள் நான். நீயோ உன் கையால் ஒரு முழம், வகுப்பிலேயே குட்டையான பிள்ளையின் கையால் ஒரு முழம் அளந்து, இரண்டையும் பாதியாக மடித்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினாய். “ரெண்டும் பாதிதான். ஒண்ணா இருக்குதா பாரு. பாதின்னா எதுல பாதின்னு மொதல்ல கேக்கோணும்.” பிள்ளைகளுக்குச் சொன்னாயா, வாசலில் நின்ற எனக்கா?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பவித்ராவை நிறுத்தினேன். தெருமுனையில் பூ விற்கிறாளே செல்வி, அவள் மகள். இவளும் 1/4தான் பெரியது என்று எழுதியிருந்தாள்.

“உங்கம்மாகிட்ட கால் முழம் பூ கேட்டா குடுப்பாங்களா?”

“கால் மொழம் யாரு மிஸ் வாங்குவா? அரை மொழத்துக்குக் கம்மியா அம்மா வெட்டவே மாட்டா.”

“ஏன்?”

“குட்டியா இருக்கும் மிஸ். கொண்டையில ஒரு சுத்துகூட வராது.”

தாளில் இருந்த 1/4-ஐத் தொட்டுக் காட்டினேன். “இதுவும் அதே கால்தானே?”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாவம் பார்ப்பதுபோலச் சிரித்தாள்.

“போங்க மிஸ். அது பூ. இது கணக்கு.”

அக்கா, அந்தப் பிள்ளைக்குப் பின்னம் தெரியும். நான் அதைக் கணக்கு என்று சொல்லித் தராத வரை தெரியும். நாளைக்குப் போர்டில் விடையைப் போட்டால் அவள் 1/4-ஐ அழித்துவிட்டுச் சரியாக எழுதிவிடுவாள். கணக்கில் அவளுக்கு அது தெரியாது என்பது ஒருவருக்கும் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவாள். என்னிடமிருந்து இப்படி எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள்?

பதினான்கு வருடமாகியும் நிரந்தரமில்லாத வேலை. “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொல்ல ஹெச்.எம்.முக்கு அரை நிமிடம் போதும். மகள் இந்த வருடம் பி.யூ.சி. படிக்கிறாள். இவர், “கட்டு எதுக்கு வீட்டுக்கு வந்திருக்கு?” என்று நேற்று கேட்டார். திருத்த, என்றேன். பொய்தான்.

செவ்வாய்க்கிழமை செல்வியிடம் ஒரு முழம் வாங்கி வகுப்புக்குப் போவேன். வேலை இருந்தால். இல்லாவிட்டால் பவித்ராவை எங்கள் வீட்டு வாசலிலாவது உட்காரவைத்து, பூவும் கணக்கும் அவளுக்கு ஒன்றாகும்வரை விடமாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்னொன்று. ஹெச்.எம்.மிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை. நாளை போர்டில் எதையும் எழுதமாட்டேன். தாள்களை அப்படியே அனுப்புவேன். மேலே ஒரு காகிதம் வைப்பேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பி செக்‌ஷன் எழுதியவை என் விடைகள், ஏ செக்‌ஷன் எழுதியவைதான் பிள்ளைகளுடையவை என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன் நகலை ஸ்டாஃப் ரூமில், நீ உட்கார்ந்த நாற்காலிக்கு மேலே, எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவேன்.

பக்கத்து வகுப்பிலேயே இருந்தும் உன் பக்கம் நிற்காத உன் தங்கை,
கலா