அம்மாவைத் தூக்கிய படிக்கட்டு

ஜூன் 12, வியாழக்கிழமை

சீட்டு கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பீளமேட்டுக் காலேஜில் பாராமெடிக் படிப்புக்கு இன்று தேர்வு. பிளஸ் டூ உயிரியல் மார்க், உயரம், கண்பார்வை எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஸ்ட்ரெச்சரில் ஒரு ஆளைப் படுக்கவைத்து, இரண்டு பேராக மாடிக்குத் தூக்கிப் போகச் சொன்னார்கள். தலைப்பக்கம் நான், கால்பக்கம் உடுமலைப்பேட்டைப் பெண் ஒருத்தி. படுக்க வேண்டிய ஊழியர் வரவில்லை. "கூட வந்தவங்க யாராச்சும் படுங்க" என்றார் தேர்வு நடத்திய சார்.

அம்மாதான் எழுந்து போனாள். பையை நெஞ்சில் அணைத்து, இருமலை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்தாள்.

பாதிப் படியில் என் கை நடுங்கியது. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "நிறுத்துங்க சார், புள்ளைக்குக் கனமா இருக்குதுங்க. நான் நடந்தே வந்துக்கறனுங்க." ஸ்ட்ரெச்சரைப் படியில் வைத்ததும் பெல்ட்டை அவளே கழற்றிவிட்டு இறங்கிவிட்டாள். சார் சிரிக்கவில்லை. "பேஷண்ட் எறங்கிட்டா எப்படிம்மா மார்க் போடறது?" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சோமனூர் வரும்வரை பஸ்ஸில் அம்மா அதையேதான் பேசினாள். "தறி ஓட்டற ஒடம்பு கண்ணு, கனக்கத்தான் செய்யும். வேற ஆளைப் படுக்கச் சொல்லியிருக்கோணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா கனக்கவில்லை. வெறும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினது போலத்தான் இருந்தது. அதில்தான் கை நடுங்கியது. அதை எப்படிச் சொல்வது?

உள்ளே மறுபடி இருமுகிறாள்.