நான்காவது முறையும் அவரே

16.3.1986, ஞாயிறு. காரிமங்கலம்.

வியாபாரிகள் சங்கத்துக்கு இன்று தலைவர் தேர்தல். மூன்று தடவை இருந்தவரே மறுபடியும் நின்றார். செயலாளரான நான் எழுந்து, இனி யாரும் இரண்டு தடவைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாதென்று விதி கொண்டுவரலாம் என்றேன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி இரண்டு தடவையோடு தானே விலகிக்கொண்டார், பின்னால் ஒருவர் நான்கு தடவை ஜெயித்த பிறகு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

தலைவர் சிரித்தார். "அப்ப பாய் அமெரிக்காவுலயே போய்க் கடை வெச்சுக்கட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நேற்று என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, வழிமொழிவதாக வாக்குக் கொடுத்த மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், சொல்லுங்க" என்றேன்.

"எதுக்குங்க வம்பு? உக்காருங்க."

தலைவருக்காகக் கை தூக்கச் சொன்னபோது மச்சானின் கைதான் முதலில் எழுந்தது. நான் மட்டும் தூக்கவில்லை. தலைவர் தீர்மானப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஒருமனதான்னு எழுதுங்க, பாய்."

"நான் கை தூக்கலீங்களே."

"எழுதுங்க" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

எழுதினேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். வரும் வழியில் மச்சான் சொன்னார்.